குறைந்த பட்ஜெட்டில் போர் விமானம்: விலையைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

2005-ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் விமானப்படை தன்னிடம் மிஞ்சியிருந்த எஃப்-5 ரகப் போர் விமானங்களுக்கு ஓய்வு கொடுத்தது. அவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றை வாங்கப் பணம் இல்லை. அடுத்த பத்து ஆண்டுகள், ஏழாயிரத்துக்கும் அதிகமான தீவுகளைக் கொண்ட அந்த நாட்டிடம் ஒலியை விஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானம் ஒன்றுகூட இருக்கவில்லை. எஸ்-211 என்னும் இத்தாலியப் பயிற்சி விமானத்தில் ஆயுதம் பொருத்தி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் தென்சீனக் கடலின் ஸ்கார்பரோ திட்டில் சீனக் கப்பல்களும் பிலிப்பைன்ஸ் கப்பல்களும் வாரக்கணக்கில் எதிரெதிரே நின்றபோதும் இதுதான் நிலைமை. 2014 மார்ச்சில்தான் தென்கொரியாவிடம் 12 எஃப்ஏ-50 விமானங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. விலை 1,890 கோடி பெசோ, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 42 கோடி டாலர். முதல் இரண்டு விமானங்கள் 2015 நவம்பரில் கிளார்க் தளத்தில் வந்திறங்கின.

பிலிப்பைன்ஸ் ஏன் பிரான்சின் ரஃபேலையோ அமெரிக்காவின் புதிய எஃப்-16-ஐயோ வாங்காமல், பயிற்சி விமானம் ஒன்றின் உடலிலிருந்து உருவான சிறிய விமானத்தை வாங்கியது? "பணம் இல்லை" என்பது பாதி விடைதான். உலகில் பெரும்பாலான விமானப்படைகள் இந்தக் கேள்வியோடுதான் போராடுகின்றன. வேகம், உயரம், ஏவுகணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அட்டவணை போட்டு ஒப்பிட்டால் இந்த முடிவுகளில் எதுவும் விளங்காது. ஒரு சிறிய விமானப்படையின் இடத்திலிருந்து பார்த்தால் அந்த அட்டவணைக்கு வெளியே இருப்பவையே முக்கியமானவை.

முதலில் வேலை என்ன?

போர் விமானம் என்றவுடன் இரண்டு விமானங்கள் வானில் மோதிக்கொள்ளும் காட்சிதான் நம் மனத்தில் எழுகிறது. சிறிய நாடுகளின் போர் விமானங்கள் தம் ஆயுட்காலத்தில் பெரும்பாலும் செய்யும் வேலை அதுவல்ல. அடையாளம் தெரியாத விமானம் ஒன்று எல்லைக்குள் நுழைந்தாலோ, பயணிகள் விமானம் ஒன்று வானொலித் தொடர்பை இழந்தாலோ, சில நிமிடங்களில் மேலெழும்பி, அருகில் சென்று, யார் என்று பார்த்து, தேவைப்பட்டால் வழிகாட்டி இறக்குவதே அந்த வேலை. இதை வான்வெளிக் காவல் என்கிறார்கள். இரண்டாவது வேலை, உள்நாட்டில் ஆயுதக் குழுக்களுக்கு எதிராகத் தரைப்படைக்கு உதவுவது. மூன்றாவது, இன்னொரு நாட்டின் விமானப்படையைத் தடுத்து நிறுத்துவது. முதல் இரண்டுக்கும் தேவைப்படும் விமானம் வேறு, மூன்றாவதற்குத் தேவைப்படும் விமானம் வேறு. செலவு பல மடங்கு உயர்வது மூன்றாவதில்தான்.

முதல் வேலை எளிதானது என்று நினைத்துவிடக் கூடாது. 2014 பிப்ரவரி 17 அன்று அதிகாலையில், அடிஸ் அபாபாவிலிருந்து ரோம் நோக்கிப் புறப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தை அதன் துணை விமானியே கடத்தி ஜெனீவாவில் இறக்கினார். வழியில் அதைத் தொடர்ந்து சென்றவை இத்தாலிய, பிரெஞ்சுப் போர் விமானங்கள். சுவிட்சர்லாந்தின் போர் விமானம் ஒன்றுகூட மேலெழவில்லை. அந்நாட்டு விமானப்படை காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, நடுவில் மதிய உணவு இடைவேளையும் விட்டு, அலுவலக நேரத்தில் மட்டுமே தயார்நிலையில் இருந்தது என்பது அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. எஃப்/ஏ-18 போன்ற வலிமையான விமானங்கள் சுவிட்சர்லாந்திடம் இருந்தன; இரவும் பகலும் ஆயுதத்தோடு இரண்டு விமானங்களை நிறுத்தி வைப்பதற்கான ஆட்களும் நிதியும்தான் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. 24 மணி நேரத் தயார்நிலையை எட்ட அந்தப் பணக்கார நாட்டுக்கே 2020-ஆம் ஆண்டின் இறுதி வரை ஆனது.

இரண்டு விமானங்கள் எந்நேரமும் தயாராக நிற்க வேண்டுமானால், படையில் மொத்தம் எத்தனை இருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஏதாவது இரண்டு மூன்று முழுமையாகப் பிரிக்கப்பட்டுப் பெரிய பராமரிப்பில் இருக்கும். இன்னும் சில, சிறு பழுதுக்காகக் கொட்டகையில் நிற்கும். விமானிகள் பயிற்சி பெறவும் சில வேண்டும். இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் பன்னிரண்டு, பதினான்கு என்னும் எண்ணில் வந்து நிற்கும். செக் குடியரசும் ஹங்கேரியும் சுவீடனிடமிருந்து தலா 14 கிரிப்பன் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தது தற்செயல் அல்ல. அதற்குக் கீழே போனால், விமானங்கள் இருக்கும், காவல் இருக்காது.

விலை என்பது எந்த விலை?

செய்திகளில் வரும் ஒப்பந்தத் தொகையை விமானங்களின் எண்ணிக்கையால் வகுத்து, "ஒரு விமானம் இவ்வளவு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இது பெரும்பாலும் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். பறக்கும் நிலையில் உள்ள வெறும் விமானத்துக்கு ஒரு விலை உண்டு. அதோடு ஏவுகணைகள், உதிரி பாகங்கள், உதிரி எஞ்சின், விமானிகளுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் பயிற்சி, சிமுலேட்டர், தளத்தில் செய்ய வேண்டிய கட்டுமானம் எல்லாம் சேர்ந்த தொகுப்புக்கு வேறொரு விலை உண்டு. முப்பது ஆண்டுகள் அந்த விமானத்தைப் பறக்க வைக்கும் செலவு மூன்றாவது விலை. ஒரு நாட்டின் ஒப்பந்தத்தில் இவற்றில் எவையெல்லாம் அடங்கியிருக்கின்றன என்பது தெரியாமல் இன்னொரு நாட்டின் ஒப்பந்தத்தோடு அதை ஒப்பிடவே முடியாது.

பல்கேரியா 2019-இல் எட்டு புத்தம்புதிய எஃப்-16 பிளாக் 70 விமானங்களுக்குச் சுமார் 125 கோடி டாலர் கொடுத்தது. வகுத்துப் பார்த்தால் விமானத்துக்கு 15 கோடி டாலருக்கு மேல் வருகிறது. 2024 ஏப்ரலில் அர்ஜென்டினா, டென்மார்க் பயன்படுத்திய 24 எஃப்-16 விமானங்களைச் சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கியது. அதாவது ஒன்றுக்கு 1.25 கோடி. பெயர் ஒன்று, விலையில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். பல்கேரியா ஏமாந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? முடியாது. அங்கே ஆயுதம், பயிற்சி, ஆதரவு எல்லாம் தொகுப்பில் இருந்தன. விமானமும் 12,000 மணி நேரம் பறப்பதற்காகக் கட்டப்பட்ட புதிய உடல். அர்ஜென்டினா வாங்கியவை பல பத்தாண்டுகள் பறந்து, இடையில் மேம்படுத்தப்பட்டவை. அதோடு, வாங்கிய ஆறே மாதத்தில், அவற்றுக்கான கருவிகள், உதிரி பாகங்கள், பயிற்சி ஆகியவற்றுக்காக 94.1 கோடி டாலர் மதிப்புள்ள தொகுப்பு ஒன்றுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இத்தகைய ஒப்புதல் தொகை ஓர் உச்சவரம்புதான். முழுவதும் செலவாக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் விமானங்களின் விலையைப் போல மூன்று மடங்கு பெரிய எண் அது. பழைய விமானம் வாங்குபவர் இந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பறக்கும் செலவு

ஒரு விமானம் ஒரு மணி நேரம் பறக்க எவ்வளவு செலவாகும் என்னும் எண்தான் சிறிய விமானப்படைக்கு உயிர்நாடி. 2012-இல் ஐஎச்எஸ் ஜேன்ஸ் என்னும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் இதை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. அதன்படி கிரிப்பனுக்கு மணிக்கு 4,700 டாலர், எஃப்-16-க்கு 7,000, ரஃபேலுக்கு 16,500, யூரோஃபைட்டருக்கு 18,000. இந்த எண்கள் இன்றும் எங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆனால் அந்த ஆய்வைக் கேட்டுப் பெற்றது கிரிப்பனைத் தயாரிக்கும் சாப் நிறுவனமே என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எரிபொருள், புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தம், வழக்கமான பராமரிப்பு, ஆட்கள் ஆகிய செலவுகளே அதில் முக்கியமாகக் கணக்கிடப்பட்டன. வேறு எவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் இரு மடங்காகவும் மும்மடங்காகவும் ஆகக்கூடியது. ஆகவே எந்த எண்ணையும் தனியாக நம்ப வேண்டியதில்லை. ஒரே முறையில் கணக்கிடப்பட்ட எண்களுக்கு இடையிலான விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அந்த விகிதம் என்ன செய்யும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஒரு படைப்பிரிவில் 20 விமானிகள் இருப்பதாகக் கொள்வோம். நேட்டோ நாடுகள் அளவுகோலாகக் கொள்வது ஒரு விமானிக்கு ஆண்டுக்கு 180 மணி நேரம். மொத்தம் 3,600 மணி நேரம். மேலே சொன்ன எண்களின்படி கிரிப்பனுக்கு ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி டாலர், எஃப்-16-க்கு 2.5 கோடி, ரஃபேலுக்கு 5.9 கோடி ஆகும். முப்பது ஆண்டுகளுக்குப் பெருக்கினால் கிரிப்பனுக்கும் ரஃபேலுக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 127 கோடி டாலர். பல்கேரியா எட்டு எஃப்-16 விமானங்களுக்குக் கொடுத்த முழுத் தொகைக்குச் சமமான பணம் இது.

பணம் இல்லாதபோது விமானப்படைகள் செய்யும் முதல் காரியம் பறக்கும் நேரத்தைக் குறைப்பது. ஆண்டுக்கு 180 மணி நேரம் பறக்க வேண்டியவர் 50 மணி நேரம் பறப்பார். அணிவகுப்பு நாளில் விமானங்கள் வானில் வரிசையாகச் செல்லும், மக்களும் கைதட்டுவார்கள். ஆனால் இரவில், மோசமான வானிலையில், நெருக்கடியில் அந்த விமானியால் என்ன செய்ய முடியும்? பயிற்சி குறைவது விமானிகளின் உயிரோடு விளையாடுவது. வாங்கும்போது பேசப்படும் கோடிகளைவிட இதுதான் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நிறவெறி ஆட்சி முடிந்த சில ஆண்டுகளில், 1999-இல் கையெழுத்தான பெரும் ஆயுத ஒப்பந்தத்தின் வழியாக அந்நாடு 26 கிரிப்பன்களைப் பெற்றது. பறக்கும் செலவு குறைந்தது என்று பெயர் வாங்கிய அதே விமானம். ஆனால் விமானிகள் போதவில்லை, பறக்க நிதியும் போதவில்லை; ஏறத்தாழ பாதி விமானங்கள் நீண்ட கால இருப்பில் அடைக்கப்பட்டன. 2021-இல் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாமல் போனதால் அனைத்துமே தரையில் நின்றன. அடுத்த ஆண்டு புதிய ஒப்பந்தம் வந்த பிறகே மீண்டும் பறக்கத் தொடங்கின. விமானத்தில் குறை எதுவும் இல்லை. தன் பட்ஜெட் எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் வாங்கியதே குறை.

சந்தையில் இருப்பவை

குறைந்த செலவு என்று பேசும்போது திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் ஐந்து: சுவீடனின் கிரிப்பன், தென்கொரியாவின் எஃப்ஏ-50, இந்தியாவின் தேஜஸ், பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்யும் ஜேஎஃப்-17, மேற்கத்திய நாடுகள் கழித்துவிடும் பழைய எஃப்-16. ஐந்துக்கும் பொதுவான அம்சம் ஒற்றை எஞ்சின். இரண்டு எஞ்சின் என்றால் எரிபொருள் செலவும் பராமரிப்புச் செலவும் கூடும். ரஷ்யாவின் மிக்-29 விமானங்களை மலிவாக வாங்கிய நாடுகள் பின்னர் திணறியதற்கு, அதன் இரண்டு எஞ்சின்களும் எரிபொருள் குடிப்பவை, ஆயுள் குறைந்தவை என்பது முக்கியக் காரணம்.

கிரிப்பனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் குறைந்த செலவு என்பதை வரைபலகையிலேயே நினைத்து உருவாக்கிய விமானம் அது. சோவியத் ஒன்றியத்துடன் போர் மூண்டால் முதல் நாளே விமானத் தளங்கள் அழிக்கப்படும் என்று சுவீடன் எதிர்பார்த்தது. ஆகவே விமானங்கள் காடுகளுக்கு நடுவே செல்லும் நெடுஞ்சாலைகளிலிருந்து, 800 மீட்டர் நீளத் துண்டுகளில் இறங்கி ஏற வேண்டும் என்று முடிவு செய்தது. அங்கே பெரிய பணிமனை கிடையாது. ஒரு தொழில்நுட்பரும், கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த ஐந்து இளைஞர்களும் ஒரு லாரியில் வருவார்கள். சுமார் பத்து நிமிடத்தில் எரிபொருள் நிரப்பி, ஏவுகணை மாட்டி, விமானத்தை மீண்டும் அனுப்புவார்கள். அதனால் அடிக்கடி திறக்க வேண்டிய மூடிகள் எல்லாம் தரையில் நிற்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கப்பட்டன. போருக்காகச் செய்த இந்த ஏற்பாடு அமைதிக்காலத்தில் ஆட்செலவைக் குறைத்தது. தாய்லாந்து, பிரேசில், தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் கிரிப்பனைத் தேடி வந்ததற்கு இது ஒரு காரணம். ஆனால் எஃப்414 எஞ்சினோடு வரும் புதிய கிரிப்பன் இ விலையில் மலிவானது அல்ல. 22 கிரிப்பன் இ வாங்குவதற்கு 300 கோடி பிராங்குக்கு மேல் ஒதுக்கும் திட்டத்தைச் சுவிஸ் மக்கள் 2014 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். எத்தியோப்பிய விமானம் ஜெனீவாவில் இறங்கிய மூன்று மாதங்களுக்குப் பின்!

எஃப்ஏ-50 வேறு வழியில் மலிவானது. லாக்ஹீட் மார்ட்டின் உதவியோடு உருவான டி-50 பயிற்சி விமானமே அதன் அடிப்படை. ஒலியைப் போல ஒன்றரை மடங்கு வேகம் அதன் உச்சம். ஒரே விமானத்தில் இளம் விமானிகளுக்குப் பயிற்சியும் அளிக்கலாம், காவலுக்கும் அனுப்பலாம் என்பது சிறிய படைக்குப் பெரிய லாபம். ஆனால் பிலிப்பைன்ஸ் முதலில் வாங்கிய வகையில், கண்ணுக்கெட்டாத தொலைவில் உள்ள விமானத்தைத் தாக்கும் ஏவுகணை இல்லை. நடுவானில் எரிபொருள் நிரப்பும் வசதியும் இல்லை. சீனாவின் போர் விமானம் ஒன்றோடு அது மோத நேர்ந்தால் முடிவு என்னவாகும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பிலிப்பைன்ஸுக்கும் அது தெரியும். மேலெழும்பிப் பார்க்க ஒரு விமானம், இழந்துபோன வேக விமானத் திறனை விமானிகள் மீண்டும் கற்றுக்கொள்ள ஒரு பள்ளிக்கூடம்: இந்த இரண்டுக்குமாகத்தான் அது வாங்கப்பட்டது. போலந்து 48 விமானங்களையும் மலேசியா 18 விமானங்களையும் வாங்க ஒப்பந்தம் செய்தபோது, மேம்பட்ட ரேடாரும் தொலைதூர ஏவுகணையும் கொண்ட புதிய வகைகள் பேச்சுக்கு வந்தன. அவை வந்தால் விலையும் ஏறும். விமானத்தின் வேகத்தைவிட, அதன் ரேடார் எவ்வளவு தொலைவு பார்க்கிறது, ஏவுகணை எவ்வளவு தொலைவு செல்கிறது என்பவையே இன்றைய வான்போரைத் தீர்மானிக்கின்றன. பணமும் அங்கேதான் போகிறது.

தேஜஸ் கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பழக்கமான விமானம்; அதன் முதல் இரண்டு படைப்பிரிவுகளும் வேர்விட்டது சூலூர் தளத்தில். 2001 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்து, 2016-இல் முதல் படைப்பிரிவு அமைந்து, 2021-இல் மேம்பட்ட மார்க் 1ஏ வகையில் 73, பயிற்சி வகையில் 10 என மொத்தம் 83 விமானங்களுக்கு ஒப்பந்தமானது. வடிவமைப்பு நம்முடையது, எஞ்சின் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துடையது. அந்த எஃப்404 எஞ்சின் உரிய காலத்தில் வராததால் மார்க் 1ஏ விமானங்களும் தாமதமாயின. 2021 ஒப்பந்தத்தின் முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் கொடுக்கப்பட்டது. இந்தியாவே எஞ்சின் உருவாக்க முயன்ற காவேரி திட்டம் உரிய உந்துவிசையை எட்டியிருந்தால் இந்தக் காத்திருப்பு இருந்திருக்காது. மலேசியப் போட்டியில் தேஜஸ் எஃப்ஏ-50-இடம் தோற்றது. ஒரு விமானத்தைப் பல நாடுகள் ஓட்டினால் உதிரி பாகங்களின் விலை குறையும், அனுபவம் பகிரப்படும். ஒரே நாடு ஓட்டினால் வாங்குபவர் தயங்குவார். 4,600-க்கு மேல் கட்டப்பட்ட எஃப்-16-க்கு உள்ள பெரிய பலம் இதுதான்.

ஜேஎஃப்-17-ஐ நைஜீரியா, மியான்மர், அஜர்பைஜான் ஆகியவை வாங்கியிருக்கின்றன. நைஜீரியா மூன்று விமானங்கள் மட்டும் வாங்கியது. மேலே சொன்ன கணக்கின்படி மூன்று விமானங்களால் ஒரு நாட்டின் வான்வெளியைக் காக்க முடியாது. 2021-இல் நைஜீரியாவுக்கு வந்துசேர்ந்த 12 சூப்பர் டுகானோ விமானங்களே அந்நாட்டின் உண்மையான தேவையோடு பொருந்துகின்றன என்பது என் எண்ணம். விசிறி சுழலும் அந்த பிரேசில் டர்போப்ராப் விமானம், வடகிழக்கில் போகோ ஹராம் போன்ற குழுக்களுக்கு எதிராக நீண்ட நேரம் வட்டமிட்டுக் கண்காணிக்கவும் தாக்கவும் உகந்தது. ஜெட்டை ஓட்டும் செலவில் ஒரு சிறு பகுதிதான் அதற்கு ஆகும். பிலிப்பைன்ஸும் இதைக் கற்றது. 2017-இல் ஐந்து மாதம் நீடித்த மராவி நகரப் போரில், வான்வெளிக் காவலுக்கு வாங்கிய எஃப்ஏ-50 விமானங்கள் குண்டுவீச அனுப்பப்பட்டன. இலக்கு தவறிய குண்டு ஒன்று சொந்த ராணுவத்தினர் இருவரின் உயிரைப் பறித்தது. 2020-இல் ஆறு சூப்பர் டுகானோக்கள் அங்கே சேர்ந்தன.

பழையதை வாங்காமல், கையில் இருக்கும் பழையதையே புதுப்பிப்பது இன்னொரு வழி. ஈழத் தமிழர்களின் நினைவில் குண்டுவீச்சோடு சேர்ந்தே நிற்கும் கிபிர் விமானங்களில் ஐந்தை மேம்படுத்த, இலங்கை 2021-இல் இஸ்ரேலிய நிறுவனத்தோடு 5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர முடியாமல் கைவிரித்தது. மக்கள் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றார்கள். பணம் இல்லாத நாட்டில் போர் விமானத்துக்கான ஒவ்வொரு டாலரும் எதிலிருந்தோ எடுக்கப்படுவது என்பதை மறந்துவிட்டு இந்த ஒப்பீட்டைச் செய்யக் கூடாது.

யார் அனுமதி வேண்டும்?

பணம் இருந்தாலும் போதாது. 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு போரிட்ட பிரிட்டன், தன் நாட்டுப் பாகங்கள் உள்ள போர் விமானம் எதுவும் அங்கே செல்வதை இன்றுவரை விரும்பவில்லை. எஃப்ஏ-50 வாங்க அர்ஜென்டினா முயன்றபோது, பிரிட்டிஷ் பாகங்கள் அதில் இருப்பதால் விற்க முடியாது என்று கொரிய நிறுவனம் 2020-இல் எழுதிவிட்டது. கிரிப்பனிலும் தேஜஸிலும் ஜேஎஃப்-17-இலும் விமானி அமரும் வெளியேற்ற இருக்கையைச் செய்வது மார்ட்டின்-பேக்கர் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம். ஓர் இருக்கை மட்டும்கூட முழு விமானத்தின் விற்பனையைத் தடுக்கும். 2015-இல் தன் மிராஜ் விமானங்களுக்கு ஓய்வு கொடுத்த அர்ஜென்டினா, கடைசியில் பழைய எஃப்-16-இடம் போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

குரோஷியா 2018-இல் இஸ்ரேலின் பழைய எஃப்-16 விமானங்களைத் தேர்ந்தெடுத்தது. இஸ்ரேல் அவற்றில் தன் சொந்தக் கருவிகளைப் பொருத்தியிருந்ததை அமெரிக்கா ஏற்கவில்லை. ஒப்பந்தம் 2019 ஜனவரியில் முறிந்தது. பின்னர் 12 பழைய ரஃபேல்களைச் சுமார் 100 கோடி யூரோவுக்கு குரோஷியா வாங்கியது. 1999-இல் கிழக்குத் திமோர் வன்முறையை அடுத்து அமெரிக்கா விதித்த ஆயுதத் தடையால் உதிரி பாகம் கிடைக்காமல் இந்தோனேசியாவின் எஃப்-16 விமானங்கள் முடங்கின. அந்நாடு 2003-இல் ரஷ்யாவின் சுகோய் பக்கம் திரும்பியது. ஒரே நாட்டைச் சார்ந்திருக்கக் கூடாது என்னும் பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

அந்தப் பாடத்துக்கும் விலை உண்டு. மலேசியா ரஷ்யாவின் மிக்-29, சுகோய்-30 விமானங்களையும் அமெரிக்காவின் எஃப்/ஏ-18 விமானங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தது. ஒவ்வொரு ரகத்துக்கும் தனி உதிரி பாகக் கிடங்கு, தனிப் பயிற்சி, தனி ஆயுதங்கள். 2018-இல் பாதுகாப்பு அமைச்சர் முகமது சாபு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, 28 ரஷ்ய விமானங்களில் நான்கு மட்டுமே பறக்கும் நிலையில் இருந்தன. காகிதத்தில் தென்கிழக்கு ஆசியாவின் வலுவான படைகளில் ஒன்று அது.

குத்தகை என்பது இந்தச் சிக்கல்களுக்கு நடுவே ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடாக எனக்குத் தெரிகிறது. செக் குடியரசு 2004-இல் 14 கிரிப்பன்களைப் பத்தாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. பெருந்தொகையை ஒரே நேரத்தில் திரட்ட வேண்டியதில்லை. பயிற்சியும் ஆதரவும் சுவீடனின் பொறுப்பில் தொடர்ந்தன. நேட்டோவில் தன் காவல் கடமையைச் செய்தபடியே அடுத்த விமானம் எது என்று யோசிக்கக் காலமும் கிடைத்தது. குத்தகையைப் பின்னர் நீட்டித்துக்கொண்டே, 2024 ஜனவரியில் 24 எஃப்-35 விமானங்களுக்கு அந்நாடு ஒப்பந்தம் போட்டது. வேறு சில நாடுகள் போர் விமானமே வேண்டாம் என்று முடிவெடுத்தன. எஃப்-16 குத்தகைத் திட்டம் ஒன்றை ரத்து செய்த நியூசிலாந்து, 2001-இல் தன் தாக்குதல் விமானப் பிரிவையே கலைத்தது. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்றின் வானையும் 2004 முதல் நேட்டோ நாடுகள் முறைவைத்துக் காக்கின்றன. நம்பகமான கூட்டாளி இருந்தால் இது நியாயமான முடிவுதான். அப்படிப்பட்ட கூட்டணி இல்லாத நாடுகளுக்கு இந்த வழி திறந்திருக்கவில்லை.

பிலிப்பைன்ஸின் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 2025 ஏப்ரலில் அந்நாட்டுக்கு 20 புதிய எஃப்-16 விமானங்களை ஆயுதத் தொகுப்போடு 558 கோடி டாலர் வரை விற்க அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. சீனாவைத் தடுக்கும் மூன்றாவது வேலைக்கு உரிய விமானம் அது. ஆனால் அவ்வளவு நிதி மணிலாவிடம் இல்லை. ஜூன் மாதம், மேம்பட்ட ரேடாருடன் மேலும் 12 எஃப்ஏ-50 விமானங்களைச் சுமார் 70 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தமானது. முந்தைய 12-ஐ ஓட்டிப் பழகிய விமானிகளும், அவற்றைப் பழுதுபார்த்துப் பழகிய தொழில்நுட்பர்களும், உதிரி பாகங்கள் அடுக்கிய கிடங்கும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.